பாவும் ஊடையும்

ஊழ் பெரிதா, முயற்சி பெரிதா? திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்கிறது. 62ஆம் அதிகாரம் முயற்சியாகிய ஆள்வினையைப் போற்றுகிறது. இது முரண் அல்ல என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே சான்று உண்டு. பத்தமடை என்ற ஊரின் பாய்த் தறியில் நூற்பாவு முதலில் இழுத்துக் கட்டப்படும், அது நகராது. ஆற்று நீரில் ஊறி, மெல்லிதாகக் கிழிக்கப்பட்ட கோரை ஊடையாகக் குறுக்கே ஓடும். மணமக்களின் பெயர் பாயில் எழுவது அந்த ஊடையால்தான். கீறலிட்ட அடித்தாளில் வண்ணத்தாள் கீற்றுகளை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோக்கும் குழந்தையும் இதையே கற்கிறது: பாவு எல்லை வகுக்கிறது, கோலத்தை ஊடை தீர்மானிக்கிறது. ஊழ் பாவு; முயற்சி ஊடை.

வறுமையில் பிறந்த குழந்தையிடம் ‘இதுதான் உன் பாவு’ என்பது அநீதிக்குத் துணைபோவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பாவு தானாக முளைப்பதில்லை; அதையும் ஒரு கைதான் இழுத்துக் கட்டியது. குழந்தைக்கு அடித்தாளில் கீறல் போட்டுத் தருவதும் பெரியவர் கைதான். முன்னோர் செய்த வினையே பின்வருவோருக்கு ஊழாகிறது என்றால், ஊழை நம்புவது கைகட்டி நிற்பதற்குச் சாக்காகாது. நம் பிள்ளைகளுக்கு நாம் அறாத பாவினை இழுத்துத் தர வேண்டும். ஊடையை அவர்கள் கையில் விட வேண்டும். அதுவே அறம்.