பொய் சொல்லாதவர்கள்

பொய் சொல்லாத ஒருவன் பிறரை ஏமாற்ற முடியுமா? பிரிட்டனின் மாட்டு நோய் விவகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் இக்கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது.

1986ல் அங்கே மாடுகளுக்கு ஒரு புதிய மூளை நோய் கண்டறியப்பட்டது. மூளை கடற்பஞ்சுபோல் துளைபட்டு, மாடு தள்ளாடி விழுந்து சாகும். கால்நடைகளின் கழிவு இறைச்சியையும் எலும்பையும் அரைத்துத் தீவனமாக மாடுகளுக்கே ஊட்டியதில் பரவிற்று. 1988ல் அத்தீவனத்துக்குத் தடை வந்தது. புல் தின்னும் பிராணிக்குத் தன் இனத்தையே தின்னக் கொடுத்த பாவம் என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் உண்டு. இயற்கையை நீதிபதியாக்கிவிட்டால் மனிதர்களை விசாரிக்கும் சிரமம் மிச்சம்.

1989ல் ரிச்சர்ட் ஸவுத்வுட் தலைமையிலான குழு, மனிதருக்கு இதனால் ஆபத்து நேரும் சாத்தியம் மிகக் குறைவு என்றது. கூடவே, இக்கணிப்பு தவறானால் விளைவுகள் மிகக் கடுமையாயிருக்கும் என்றும் எழுதிற்று. முதல் வாக்கியம் மந்திரிகளின் வாய்க்கு வந்தது. இரண்டாவது அறிக்கையிலேயே தங்கிவிட்டது. வாய்க்கு வந்ததும் உருமாறி, 'சாத்தியம் குறைவு' என்பது 'பத்திரம்' என்றாயிற்று. 1990 மே மாதம் ஒரு வளர்ப்புப் பூனை இதே மாதிரி நோயில் செத்தது தெரிந்து ஜனங்கள் பயந்தார்கள். அதே மாதம் விவசாய மந்திரி ஜான் கம்மர், காமிராக்களின் முன் தம் நான்கு வயது மகளிடம் மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார்.

அவர் நடித்ததாக நான் நினைக்கவில்லை. நம்பாதவன் தன் குழந்தைக்கு நீட்டமாட்டான். சிக்கலே இங்குதான். ஜனங்கள் கேட்டது என்ன தெரியும் என்பதை. அவர் காட்டியது தாம் என்ன நம்புகிறார் என்பதை. 'ஆள் நல்லவர், கட்டிவிடுவார் என்று நம்பினேன்' என்றெழுதி எந்த வங்கி மானேஜரும் ஆடிட்டில் தப்பியதை நான் பார்த்ததில்லை. ஈடு எங்கே என்பார்கள். பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்குள்ள சம்பிரதாயம் இது.

1996 மார்ச்சில் சுகாதார மந்திரி ஸ்டீபன் டோரல், பத்துப் பேரிடம் கண்ட புதுவகை மூளை நோய்க்கு மாட்டு நோயே பெரும்பாலும் காரணமாயிருக்கலாம் என்று பார்லிமெண்டில் அறிவித்தார். பிரிட்டனில் 178 பேர் இதில் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் இளம் வயதினர். நோயைப் பரப்பும் பிரியான் என்ற புரதம் சமையல் சூட்டில் அழிவதில்லை; உடம்பில் வருஷக்கணக்காக அறிகுறியின்றி இருக்கும். தின்றவன் தன் நாக்கையோ அனுபவத்தையோ கொண்டு எதையும் சோதிக்க முடியாது. அடுத்தவன் வார்த்தை ஒன்றே அவனுக்கு ஆதாரம். அவ்வார்த்தை முழுதாக வந்துசேர வேண்டியது அதனால்தான்.

2000ல் வெளிவந்த பிலிப்ஸ் பிரபுவின் விசாரணை அறிக்கை, 16 தொகுதிகள், அரசு பொய் சொல்லவில்லை என்கிறது; ஆபத்து தொலைவானது என்று அது நம்பியதாம், பீதியைத் தடுப்பதிலேயே முனைந்திருந்ததாம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன், விடுதலைத் தீர்ப்பாக அல்ல. பீதியடைவார்கள் என்று ஒரு வாக்கியத்தை விழுங்குபவன், எதிரிலிருப்பவன் யோசிக்கத் தகுதியற்றவன் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறான். இரண்டு வாக்கியங்களையும் கேட்டிருந்தாலும் பலர் மாட்டிறைச்சியைத் தின்றிருப்பார்கள். அது அவர்களுடைய முடிவாக இருந்திருக்கும்.