கண்டதை எங்கே வைப்பது?

செஞ்சி வட்டாரத்தில், அவலூர்பேட்டைப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் பழைய நடுகல் ஒன்று கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், ஆடு மேய்ப்பவராகவும் இருக்கலாம். கையில் செல்போன் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் ஏறிவிடுகிறது. அவர் ஒரு பைசா வாங்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. கடமை முடிந்தது என்று அவர் நினைத்தால் அதில் குறை உண்டா?

உண்டு. இன்று இலவசமாகக் கொடுத்தது பத்து ஆண்டு கழித்துத் தேடி வருகிறவருக்கும் கிடைக்க வேண்டும். வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் கொடுப்பவர் பொறுப்புதான்.

செஞ்சியின் வரலாறு எழுதப்பட்ட வரலாறே இதற்குச் சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் பிள்ளை என்பவர் கர்நாடக ராஜாக்களின் சரித்திரத்தைத் தமிழில் விரிவாக எழுதிவைத்தார். அது நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரி செஞ்சியைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியபோது அதை எடுத்தாண்டார். 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்நூலை வெளியிட்டது. செஞ்சிக்காரர் ஒருவர் தம் ஊர்க் கதையைப் படிக்க, பெரிய நூலகம் எதையாவது தேடிப் போகவேண்டியிருந்தது.

இன்று அந்த ஆங்கில நூல் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கிறது. கிடைத்த வழிதான் கவனிக்க வேண்டியது. அரசு ஆதரவில் உருவான இந்திய மின்னூலகம் லட்சக்கணக்கான பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்தது. பிறகு அந்தத் தளம் செயலற்றுப்போனது. அதற்குள் கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்குப் படியெடுத்திருந்தார். காப்புரிமை தீராத நூல்களும் அதில் கலந்திருந்தன என்ற குறை நியாயமானதே. ஆனாலும் ஒரே இடத்தை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வணிக நிறுவனங்களின் இடமோ இன்னும் உறுதியற்றது. 2000-களின் தொடக்கத்தில் ‘மரத்தடி’, ‘ராயர் காபி கிளப்’ என்று யாஹூ குழுமங்களில் தமிழர்கள் கூடி இலக்கியம் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். யாஹூ அந்தச் சேவையை 2020 டிசம்பரில் அடியோடு மூடியது. கூகுள் பிளஸ் அதற்கு முந்திய ஆண்டே போய்விட்டது. குடியிருந்தவர்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

அதற்காக முகநூலை ஒதுக்கிவிடச் சொல்வது அவசரப் புத்தி. ஏரி தூர்வார வரும் ஜேசிபி நடுகல்லைப் புரட்டும் முன் ஊர் விழித்துக்கொள்ள வேண்டும் என்றால் வாட்ஸ்அப்தான் வழி. ஆய்விதழில் அச்சாகும்வரை கல் காத்திருக்காது. ஆக, அங்கே கூவலாம். பதிவை வேறிடத்தில் வைக்க வேண்டும்.

எந்த இடத்தில்? பலரும் விக்கிப்பீடியா என்று சொல்லிவிடுவார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, முதன்முதலாகக் கண்டறிந்ததை ஏற்காது; வேறெங்காவது வெளிவந்த சான்றைக் கேட்கும். இந்த விதி புதியவர்களை எரிச்சலூட்டும், ஆனால் விதி சரி. முதற்பதிவுக்கு ஏற்றது தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ போன்ற இதழ். புதிய கல்வெட்டுகளும் நடுகற்களும் அங்கே பாடத்தோடும் விளக்கத்தோடும் பதிவாகின்றன. வாசிப்பில் பிழை இருந்தால் அறிந்தவர்கள் திருத்துவார்கள். படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கொடுத்தால், நாளை ஒரு பதிப்பகம் அதை அச்சடித்துக் காசு பார்க்கவும் கூடும். சிலருக்கு இது உறுத்தும். பூட்டிவைத்து யாருக்கும் எட்டாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் இத்தனை இடங்களில் பரவியிருப்பது, படியெடுக்கத் தடை வைக்காததால்தான்.

இதுவரை பேசியது தன் கையில் இருப்பதைக் கொடுப்பது பற்றி. பிறருடையதைக் கொடுக்கும்போது கேள்வி கடினமாகிறது.

1987-இல் அகத்தியமலைக் காட்டில் கேரள ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், களைப்பு தீர ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாகி, 1995-இல் தயாரிப்பு உரிமம் விற்கப்பட்டது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனாலும் காணி வைத்தியர்களில் ஒரு சாரார், இரகசியத்தைச் சொன்னதே தவறு என்று எதிர்த்தார்கள். வழிகாட்டிகள் சிலர் சொன்னது ஒரு குலம் முழுவதும் சொன்னதாகுமா? செஞ்சி வட்டாரத்தில் இருளர் மூலிகை அறிவை வீடியோ எடுத்து ஏற்றுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். எடுத்தவர் பார்வை எண்ணிக்கையைப் பார்க்கிறார். சொன்ன மூதாட்டிக்கு அது எங்கே போகிறது என்றே தெரியாது. ஈழத்து ஆவணங்களை 2005 முதல் மின்வடிவில் திரட்டிவரும் ‘நூலகம்’ என்ற அமைப்பு, எழுத்தாளரிடம் அனுமதி கேட்டு நூல்களைச் சேர்க்கிறது. வேலை மெதுவாகும்தான். ஆனால் அந்தத் தாமதம் தேவையானது.

இருப்பிடத்தைச் சொல்வதும் அப்படியே. காவல் இல்லாத பாறை ஓவியத்துக்கும் சமணப் படுக்கைக்கும் துல்லியமான வரைபடப் புள்ளியைப் பொதுவில் வைத்தால் ஆய்வாளருக்கு முன் புதையல் தேடுகிறவர்கள் வந்து நிற்பார்கள். ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, புள்ளியைத் தொல்லியல் துறைக்கு மட்டும் தருவதை அறிவை மறைப்பதாகச் சொல்ல முடியாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் காலக் கோட்டைகள் 12 சேர்ந்தன. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி மட்டும். இனி இந்த வட்டாரத்தைப் பற்றிப் பலரும் எழுதுவார்கள், பல ஊர்களிலிருந்தும் எழுதுவார்கள். அவலூர்பேட்டையிலும் மேல்மலையனூரிலும் பழைய படங்கள், மைப்படிகள், குறிப்பேடுகள் வைத்திருப்பவர்கள் அவற்றை முகநூலில் மட்டும் விட்டுவிடாமல், எடுத்த இடமும் தேதியும் குறித்து, இரண்டு பொது இடங்களிலாவது இப்போதே சேர்த்துவிட வேண்டும்.