ஆச்சியின் தூக்குவாளி

 

அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரம், 36 முதல் 42 வரையுள்ள வசனங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்துப்போனாள். லித்தாவிலிருந்த பேதுருவை அழைத்துவர இரண்டு பேர் போனார்கள். அவர் மேல்வீட்டுக்கு ஏறி வந்தபோது நடந்தது என்ன? விதவைகள் அழுதுகொண்டே, அவள் செய்து கொடுத்த துணிமணிகளை எடுத்துக் காட்டினார்கள். அதுதான் அவளுடைய சாட்சி! கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் "சீஷி" என்று பெண்பாலில் வரும் சொல் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு. அது இவளுக்குக் கிடைத்தது. அல்லேலூயா!

எங்கள் ஆச்சி கடந்த டிசம்பர் மாதம், 82-ஆம் வயதில், தூத்துக்குடியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஆச்சி இருந்தவரை பகலில் எங்கள் வீட்டுக் கதவு சாத்திக் கிடந்ததில்லை. மீன்கார அம்மா கூடையை இறக்கினால், மீன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கருப்பட்டிக் காப்பி உண்டு. யார் வந்தாலும், "உள்ள வாங்க, சாப்பிட்டாச்சா?" என்பதுதான் முதல் வார்த்தை. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் ஆச்சி முதல் ஆளாய் நிற்பார்கள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கும். மூடியில் தாத்தா பெயர் வெட்டியிருக்கும். அது அடிக்கடி காணாமல் போகும். கேட்டால், "யார் வீட்லயாவது இருக்கும், வரும்" என்பார்கள்.

எனக்கோ எரிச்சல். "ஊர்க்கதை பேசுற நேரத்துல நாலு அதிகாரம் வாசிக்கலாம்லா ஆச்சி?" என்று கேட்டிருக்கிறேன். "நீ வாசி ராசா, நான் போயிட்டு வந்துருதேன்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள்.

வெட்கத்தோடு ஒன்றை எழுதுகிறேன். என் தங்கை எங்கள் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். 11 வருஷம்! அந்த வருஷங்களிலெல்லாம் சபையில் நின்று மன்னிப்பைக் குறித்துப் பிரசங்கித்தும் வந்தேன்.

அடக்க ஆராதனை நாளில் அவள் வாசலில் தயங்கி நின்றாள். கையில் அந்தத் தூக்குவாளி! "போன மாசம் ஆச்சி குழம்பு கொண்டாந்தாக. வாளியத் திருப்பிக் குடுக்க முடியாமப் போச்சுண்ணே" என்று அழுதாள். ஆச்சி மாதந்தோறும் இரண்டு பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அவள் பிள்ளைகளை மடியில் வைத்து ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

யோப்பாவின் விதவைகள் துணிகளைக் காட்டினார்கள். என் தங்கை தூக்குவாளியைக் காட்டினாள். நான் நொறுங்கிப்போனேன். வேறு வார்த்தை வரவில்லை. "உள்ள வாம்மா, சாப்பிட்டியா?" என்றேன்.

தேவபிள்ளையே! உபவாச ஜெபத்துக்கு வருகிறாய், நல்லது. நீ படியேறாத உறவினர் வீடு எது? மத்தேயு 5:23, 24-ஐ வாசித்துப் பார். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் எங்கே போகச் சொன்னார் ஆண்டவர்?

பேதுரு ஜெபித்தபோது தொற்காள் கண் திறந்தாள். எங்கள் ஆச்சியைக் கர்த்தருடைய வருகையில் காண்போம். அதுவரை அந்த வாளி சும்மா கிடக்காது. இப்போது மாதந்தோறும் நான் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். தங்கையும் அதை வெறுமையாய்த் திருப்பி அனுப்புவதில்லை. இந்த வாரமே நீயும் எழுந்து போ!

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.