பொய்கையார் பாசுரத்தில் கடலோசை

திண்டிவனம், விழுப்புரம் வழியாக உத்ஸவம் ஸேவிக்க எழுந்தருளியுள்ள பாகவதர்களுக்கு அடியேனின் விண்ணப்பம். விழுப்புரத்திற்கு மேற்கே, தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூர் இடைகழியில், மழையிருளில் ஆழ்வார் மூவரும் நெருக்குண்ட வரலாற்றை அறியாதார் இல்லை. (அவ்வூர் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்ததாயினும் நமக்கு அண்டை வீடே.) ஆதலின் கதையை விடுத்து, அன்று பொய்கையாழ்வார் ஏற்றிய விளக்கின் யாப்பையும் ஓசையையும் சிறிது அநுபவிப்போம்.

உலகு அகல், சூழ்கடல் நெய், கதிரவன் சுடர். முதல் திருவந்தாதியின் முதற்பாசுரம் இது, நேரிசை வெண்பா. கடலென்றால் முழக்கம் உண்டென்பதை மரக்காணக் கரையில் நின்றவர் அறிவர். ஆழ்வார் அதை நெய்யாக்கியதும் முழக்கம் அடங்கிவிடுகிறது. தனிச்சொல் முடிய மீண்டும் மீண்டும் வரும் யகர ஓசை, நெய் ஒழுகுவதுபோலவே மெல்லென ஒழுகுகிறது.

பிறகு ஓசை மாறுகிறது. மூன்றாமடி, நான்காமடி இரண்டின் முதற்சீரிலும் "ஆழி" நிற்கிறது. முன்னதில் எம்பெருமான் கைச்சக்கரம், பின்னதில் துன்பக்கடல். வடமொழி அலங்கார நூலார் இதனை யமகம் என்பர். அங்கே அது அணி. இங்கோ எதுகையோடு கலந்து செய்யுளின் எலும்பாகிவிட்டது. துன்பமாகிய ஆழி வருமுன்னரே சக்கரமாகிய ஆழி வந்து நின்றுவிடுகிறது!

இங்கே அடியேன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாடசாலையில் ஸ்வரம் பிசகாமல் வேதம் ஓதிப் பழகிய நாவுக்கு ழகரம் எளிதில் வரவில்லை. வடமொழி நெடுங்கணக்கில் அவ்வெழுத்து இல்லையென்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பல ஆண்டுகள் "ஆளி" என்றே ஸேவித்து வந்தேன். ஆளி என்றால் சிங்கம். சக்கரமும் போயிற்று, கடலும் போயிற்று. கோஷ்டிக்குப் பின்னால் நின்ற மூதாட்டி ஒருவர், "ஸ்வாமி, ஆழ்வார் விளக்கேற்றினார், தேவரீர் சிங்கத்தை அவிழ்த்துவிடுகிறீரே!" என்றார். அன்று முதல் நாவை மடிக்கக் கற்றேன்.

வெண்பா "என்று" என முடிகிறது. வினைமுற்று மூன்றாமடியிலேயே வந்துவிட்டமையால், முடிந்தும் முடியாததுபோல் ஒலிக்கிறது. அந்தாதி முறைப்படி அடுத்த பாசுரம் அச்சொல்லிலேயே தொடங்குகிறது, பொருளோ வேறு. கடல் கடைந்தது எந்நாள் என்னும் கேள்வி அது. அங்கு வரும் ஆழி உருவகமன்று. எம்பெருமான் அணைகட்டி, அதை உடைத்து, கண்வளர்ந்த கடலே. ஆதலின் இவ்விரண்டையும் பிரித்து ஸேவித்தால் பாதி சுவை போய்விடும் என்பது அடியேன் துணிபு.

நூறாம் பாசுரம் "வை" என முடிந்து முதற்பாசுரத்தின் முதலெழுத்தைத் தொடுகிறது. இயற்பா ஸேவிக்கும்போது அவ்விடத்தில் செவி கொடுத்துக் கேட்டருள்வீர்.