ஹாம் நகரில் வடம் பிடிக்க

ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளே, ஜூன் வாக்கில் ஒருமுறை ஹாம் நகருக்குப் போய் வாருங்கள். தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம் தெரியும். ஈழத்தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் அது. 2002-இல் குடமுழுக்கு கண்டது. தேரன்று காவடியும் தவிலும் நாதசுரமுமாகத் தெரு நிறையும். தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில்தான்! வேடிக்கை பார்த்து ஒதுங்கி நிற்காதீர்கள், வடத்தைப் பிடியுங்கள். அன்னதானத்தில் பரிமாறக் கை கொடுங்கள். முன்பின் அறியாத ஓர் அம்மா, "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்பார். விடுதி அறையில் தனியே ரொட்டி தின்று பழகிய பிள்ளைக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது! கூடப் படிக்கும் ஜெர்மன் நண்பரையும் அழைத்துப் போங்கள். குளிர் முடியும் நாளில் அவர் கொலோன் கார்னிவலுக்குக் கூப்பிட்டால், வேடமிட்டுக் கிளம்புங்கள். ஊர்வல வண்டியிலிருந்து வீசும் மிட்டாயை ஆசைதீரப் பொறுக்கலாம்.