பேரப்பிள்ளைகள் கண்ட விசுவாசம்



யாக்கோபு மரணத் தறுவாயில் இருந்தபோது, யோசேப்பின் இரண்டு குமாரரையும் கிட்டச் சேர்த்து, முத்தமிட்டு ஆசீர்வதித்ததை ஆதியாகமம் 48-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கண் மங்கிப்போன தாத்தா அவர். கை வைத்து ஜெபிக்கிற தாத்தா நம் வீடுகளிலும் உண்டு. ஆனால் ஜெபம் முடிந்து எழுந்தபிறகு, பேரப்பிள்ளைகள் அவரிடத்தில் எதைப் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்வியோடுதான் இம்மாதம் ஒரு தாத்தாவைக் குறித்து எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜிம்மி கார்ட்டர். 1977 முதல் 1981 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். 2024 டிசம்பர் 29 அன்று, தமது 100-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் பாப்திஸ்து சபைக்காரர். சில உபதேசங்களில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. அவருடைய அரசியலும் நமக்கு இங்கே வேண்டாம். ஒரு தாத்தாவாக மட்டும் அவரைப் பார்ப்போம்.

2025 ஜனவரி 9-ல் வாஷிங்டனில் நடந்த அடக்க ஆராதனையில், பேரன் ஜேசன் கார்ட்டர் எழுந்து பேசினார். எதிரே ஐந்து ஜனாதிபதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரன் எதைச் சொன்னார் தெரியுமா? பாட்டியும் தாத்தாவும் பிளாஸ்டிக் பைகளைக் கழுவி, சிங்க் பக்கத்தில் காயவைத்து, மறுபடியும் உபயோகிப்பதைச் சொன்னார்! சுவரில் வயரோடு தொங்கின பழைய டெலிபோனைச் சொன்னார். பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் 1961-ல் கட்டின அதே வீட்டில்தான் கடைசிவரை இருந்தார்கள். பாருங்கள், வெள்ளை மாளிகையில் இருந்த தாத்தாவைக் குறித்துப் பேரன் மனதில் பதிந்தது அடுப்படிதான்.

1980 தேர்தலில் அவர் படுதோல்வி அடைந்தார். ஊருக்குத் திரும்பினால் வேர்க்கடலை வியாபாரம் கடனில் மூழ்கிக் கிடக்கிறது. வயது 56. நம்மில் சிலர் ரிட்டயர்டு ஆனவுடனே, "என் ஓட்டம் முடிஞ்சுபோச்சு பாஸ்டர்" என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து விடுகிறோம் அல்லவா? முதிர்வயதிலும் கனி உண்டு என்று சங்கீதம் 92:14 சொல்லும்போது, நாம் மட்டும் ஏன் காய்ந்துபோக வேண்டும்?

அவர் 1982-ல் மனைவி ரோசலினோடு சேர்ந்து கார்ட்டர் மையத்தை ஆரம்பித்தார். நரம்புச் சிலந்தி என்ற வியாதியைப் பழைய ஆட்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அசுத்தமான குட்டைத் தண்ணீரைக் குடித்தவன் உடம்புக்குள்ளே ஒரு வருஷம் வளர்ந்து, கால் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும் புழு. மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் வழி. நம் இந்தியா சொந்த முயற்சியால் 2000-ஆம் ஆண்டில் இதிலிருந்து விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த வியாதி இருந்தது. கார்ட்டர் மையம் மற்றவர்களோடு சேர்ந்து ஊர் ஊராய்ப் போய் உழைத்தது. 2023-ல் உலகம் முழுவதிலும் 14 பேர் மட்டுமே!

இந்த ஊழிய வாஞ்சை எங்கிருந்து வந்தது? அவருடைய தாயார் லில்லியன் ஒரு நர்ஸ். 68 வயதில் சேவை செய்யப் புறப்பட்டு, 1966-ல் நம் தேசத்துக்கே வந்தார். பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். தாய் செய்ததை மகன் பார்த்தார். மகனும் 2006-ல் லோனாவ்லாவுக்கு வந்து, ஏழைகளின் வீட்டுக்குச் சுத்தியலும் கையுமாய் நின்றார். 2019-ல், 95 வயதில், கீழே விழுந்து நெற்றியில் 14 தையல். கண் கறுத்து வீங்கியிருந்தது. மறுநாளே நாஷ்வில் பட்டணத்தில் வீடு கட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டார்!

ஈசாக்கு சாயங்காலத்தில் தியானிக்க வயல்வெளிக்குப் போனதை ஆதியாகமம் 24:63-ல் பார்க்கிறோம். கார்ட்டரும் வெளியையும் காட்டையும் நேசித்தவர். சிறுவனாயிருந்தபோது ரேச்சல் கிளார்க் என்ற கறுப்பினத் தாயார் அவரை ஓடைகளுக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போவார். தேவன் படைத்ததைக் கெடுக்காமல் காக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததில் அந்த ஏழைத் தாய்க்குப் பெரிய பங்குண்டு. தேர்தலில் தோற்ற அடுத்த மாதமே, 1980 டிசம்பர் 2-ல், அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கும் மேலான காடு மலைகளைப் பாதுகாக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். இனி ஓட்டுக் கேட்கப் போவதில்லை, ஆனாலும் செய்தார்.

வயதான பிறகும் மனைவியும் அவருமாய் ஆற்றில் இறங்கித் தூண்டில் போட்டார்கள். இரவுதோறும் இருவரும் சேர்ந்து வேதம் வாசித்தார்கள். 77 வருஷ மணவாழ்க்கை! சபைக்குக் காணிக்கைத் தட்டுகளைத் தம் கையாலே மரத்தில் செய்துகொடுத்தார். சபை வளாகத்தின் புல்லையும் வெட்டினார். இன்று சபை மைதானத்தில் ஒரு துடைப்பத்தை எடுக்க நம் பெரியவர்களில் எத்தனைபேருக்கு மனசு வரும்?

2015 டிசம்பரில் ஒரு ஞாயிறு. 28 வயதுப் பேரன் திடீரென்று மரித்துப்போனான். தாத்தாவுக்கு அப்போது 91 வயது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, சுகம் கிடைத்தது என்று அறிவித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று காலை அவர் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்தார். நடந்ததைச் சபைக்குச் சொன்னார். ஜெபிக்கக் கேட்டுக்கொண்டு, வேதபாடத்தை நடத்தினார். "ஏன் ஆண்டவரே, என்னை எடுத்திருக்கக் கூடாதா?" என்று எந்தத் தாத்தாவின் உள்ளம்தான் கதறாது? ஆனாலும் வந்தார். மற்ற பேரப்பிள்ளைகள் அதைக் கண்டார்கள்.

2019 நவம்பரில், இடுப்பெலும்பு முறிந்த இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் பாடம் நடத்த வந்தார். அன்றைய பகுதி யோபு 14. மனுஷன் செத்தபின் பிழைப்பானோ என்று யோபு கேட்கிற அதிகாரம். மரணத்தைக் குறித்துத் தமக்குச் சமாதானமே இருக்கிறது என்று அமைதியாய்ச் சொன்னார்.

தாத்தாமாரே, நம் கையில் இன்னும் பெலன் இருக்கிறது. இப்பொழுதே முழங்கால்படியிடுவோமா?

எங்கள் பரம பிதாவே, எங்கள் தலை நரைத்துவிட்டது. எங்கள் பேரப்பிள்ளைகள் எங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் வேதம் வாசிப்பதையும், அயலானுக்காக வியர்வை சிந்துவதையும், துக்கநாளிலும் உம்முடைய ஆலயத்துக்கு வருவதையும் அவர்கள் காணக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.