நான்காம் நாளின் சூரியன்

சீடன்: சுவாமி, ஆதியாகமத்தின் முதல் அத்தியாயத்தில் ஒளி முதல் நாளிலே உண்டாகிறது; புல்லும் பூண்டும் மரமும் மூன்றாம் நாளிலே முளைக்கின்றன; சூரியனோ நான்காம் நாளில்தான் படைக்கப்படுகிறது. சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாட்களும் எப்படி விடிந்து எப்படி அஸ்தமித்தன என்று கேட்டால், அது விஞ்ஞானம் படித்தவர்களின் விதண்டாவாதம் என்று சொல்லிப் பெரியவர்கள் என் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

குரு: விஞ்ஞானம் வந்த பிறகு முளைத்த கேள்வி என்றா அவர்கள் எண்ணுகிறார்கள்? தம்பி, மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா பட்டணத்தில் வேதபாடம் நடத்தி, பின்னர் பாலஸ்தீனத்துச் செசரியாவில் குடியேறி, பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தையும் கிரேக்கப் பாடங்களையும் பத்தி பத்தியாக எழுதி ஒப்புநோக்கிய மகாபண்டிதர் ஓரிஜென், தத்துவ முதல்களைப் பற்றித் தாம் இயற்றிய நூலின் நாலாம் பாகத்தில் இதே கேள்வியை உன்னைவிடக் காரமாகவே கேட்டிருக்கிறார். கடவுள் குடியானவனைப்போல மண்ணைக் கிளறி மரம் நட்டார் என்று எந்த அறிவாளியாவது எண்ணுவானா என்பதும் அவர் அதே இடத்தில் கேட்டதுதான். அப்போது டார்வின் பிறக்க ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குமேல் இருந்தன. ஐயம் நூலுக்கு வெளியேயிருந்து வந்ததல்ல. ஊன்றி வாசித்தவனுக்கு நூலுக்குள்ளேயே எழுந்தது.

சீடன்: அப்படியானால் வேதவாக்கியம் பொய் என்பதா அவர் முடிவு?

குரு: பொய் என்று கருதியவர் அதற்கு வியாக்கியானம் எழுதியே ஆயுளைக் கழிப்பாரா? மனிதனுக்கு உடல், உயிர், ஆவி என்று மூன்று இருப்பதுபோல வேதத்துக்கும் மூன்று நிலைகள் உண்டு என்பதும், அட்சரார்த்தத்தின் வழியே செல்கிறவன் இடறி நின்று ஆழ்ந்த பொருளைத் தேடும்பொருட்டே தேவசித்தம் ஆங்காங்கே இடறுகற்களைப் போட்டுவைத்திருக்கிறது என்பதும் அவருடைய சித்தாந்தம். அவருக்கும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முந்தி, அதே பட்டணத்து யூத ஞானியாகிய பிலோ, ஆறு நாட்கள் என்பது கடவுளுக்குத் தேவைப்பட்ட காலமல்ல, படைப்பில் உள்ள ஒழுங்கைக் காட்டும் எண்ணே என்று எழுதிவிட்டார்.

சீடன்: இங்கேதான் சுவாமி எனக்குப் பயமாயிருக்கிறது. நாள் உருவகம், தோட்டம் உருவகம், பாம்பு உருவகம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால், கடைசியில் கல்லறையிலிருந்து எழுந்ததும் உருவகமே என்று ஒருவன் சொல்லும்போது அவனை எந்த இடத்தில் நிறுத்துவது?

குரு: நியாயமான பயம். அதே பயம் பெற்ற ஒருவரைச் சொல்கிறேன், கேள். நாலாம் நூற்றாண்டின் பிற்பாதியில், கப்பதோக்கியா நாட்டிலே அதே செசரியா என்னும் பெயருடைய வேறொரு பட்டணத்தில், அர்ச்சியசிஷ்ட பசிலியார் தபசு காலத்திலே காலையும் மாலையுமாக இந்த ஆறு நாட்களைப்பற்றி ஒன்பது பிரசங்கங்கள் செய்தார். அன்றன்று உழைத்து அன்றன்று உண்ணும் கைத்தொழிலாளிகள் சூழ்ந்து நின்று கேட்டார்கள்; அவர்கள் பிழைப்பு கெடக்கூடாதே என்று பேச்சை அளவோடு நிறுத்த வேண்டியிருப்பதை அவரே ஒரு பிரசங்கத்தில் சொல்லுகிறார். வானத்துக்கு மேலுள்ள தண்ணீர் என்பது தேவதூதர்களைக் குறிக்கும் என்பது போன்ற விளக்கங்களைக் கனவென்று தள்ளி, தமக்குப் புல் புல்தான், மீன் மீன்தான் என்று உரைத்தவர் அவர். புயல் வருமுன் அதை உணர்ந்து, ஒரு கூழாங்கல்லை நங்கூரமாகப் பற்றிக்கொள்ளுகிற முள்ளுடம்புச் சிறு கடற்பிராணியைக்கூட அவர் விடவில்லை. ஆனால் நீர்வாழ்வன முடித்துத் தரைவாழ்வனவுக்கு வந்தபோது பறவைகளை அடியோடு மறந்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ஜாடை காட்டிக்கொண்ட பிறகே நினைவு வந்து, திரும்பிப்போய்ப் பறவைகளைப் பேசினார். அந்த ஒன்பது பிரசங்கங்களிலும் எனக்கு மிகவும் பிரியமான இடம் அது. எழுத்தை எழுத்தாகக் கேட்கிற ஜனங்கள் எவ்வளவு கவனமாய்க் கேட்கிறார்கள், பார்!

சீடன்: ஆகவே ஓரிஜெனுக்குப் பசிலியார் எதிரி.

குரு: அவசரப்படாதே. ஓரிஜெனின் நூல்களிலிருந்து சிறந்த பகுதிகளைப் பொறுக்கித் தொகுத்தவர்கள் பசிலியாரும் அவர் தோழர் நாசியான்சு கிரகோரியாருமே என்பது பழைய மரபு. தத்துவ முதல்களைப் பற்றிய அந்தக் கிரேக்க நூலின் பெரும்பகுதி மறைந்து, ருபீனு என்பவரின் லத்தீன் மொழிபெயர்ப்பே முழுமையாக எஞ்சியிருக்க, சூரியனில்லாத நாட்களைப்பற்றிய அந்தக் கேள்வி இன்று நமக்குக் கிரேக்கத்திலேயே கிடைப்பது அந்தத் தொகுப்பின் புண்ணியத்தால்தான். புல் புல்தான் என்றவரின் பேரால் வழங்கும் ஏடே எதிர்வாதத்தைக் காப்பாற்றித் தந்திருக்கிறது.

சீடன்: எழுத்தின்படியே கொள்வதில் ஒரு சௌகரியமாவது உண்டல்லவா? குழப்பம் இல்லை.

குரு: குழப்பம் இல்லையா? முதல் அத்தியாயத்தில் விலங்குகளுக்குப் பின் மனிதன். இரண்டாம் அத்தியாயத்தில் மண்ணால் ஆன மனிதன் முன்னே, தோட்டத்து மரங்களும் மிருகங்களும் அவனுக்குப் பின்னே, கடைசியில் ஸ்திரீ. எழுத்தைத் தவிர வேறொன்றையும் ஏற்கமாட்டேன் என்பவன் எந்த எழுத்தை ஏற்பான்? அயர்லாந்திலே ஆர்மா நகரத்து ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர், 1650இல் வெளியிட்ட பெருநூலில், ஆதிபிதாக்களின் வயதுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004ஆம் ஆண்டு அக்டோபர் 23க்கு முந்தின மாலையில் தொடங்கிற்று என்று கணித்தார். மகா உழைப்புத்தான், பரிகசிக்கத் தக்கதல்ல. ஆனால் சேத்தைப் பெற்றபோது ஆதாமுக்கு வயது எபிரேய ஏட்டில் 130, ஓரிஜெனும் பசிலியாரும் ஓதிய கிரேக்க ஏட்டில் 230. இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை நூறு நூறாக ஏறியதால், பைசாந்தியர் உலகத் தோற்றத்தைக் கி.மு. 5509க்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கணக்கும் எழுத்தின்படியே போட்ட கணக்குத்தான். 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் பரிணாமத்தைப் போதித்த ஆசிரியர்மேல் வழக்கு நடந்தபோது, வேதத்தின் பட்சமாகச் சாட்சி சொல்லப்போன பிரையன் என்னும் புகழ்பெற்ற வக்கீல்கூட, அந்த நாட்கள் இருபத்துநாலு மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

சீடன்: பின் யாரைப் பின்பற்றுவது?

குரு: என்னைக் கேட்டால் அகுஸ்தீனாரை. இளமையில் சுமார் ஒன்பது வருஷம் மனிக்கேயர் என்னும் சமயத்தாரோடு சேர்ந்து ஆதியாகமத்தைப் பரிகசித்தவர். மிலான் நகரத்து மேற்றிராணியார் அம்புரோசியார் ஞானார்த்தமாகப் பிரசங்கித்ததைக் கேட்டு மனம் திரும்பியவர். ஆகையால் மனிக்கேயருக்கு மறுப்பாக முதலில் எழுதினபோது பெரும்பாலும் உருவகத்தையே கையாண்டார். பிறகு எழுத்தின்படியே உரை காண முயன்று பாதியில் விட்டார். மறுபடியும் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளளவில் பன்னிரண்டு புத்தகங்கள் முடித்து, 'எழுத்தின்படி ஆதியாகமம்' என்றே பெயரிட்டார். அந்த நூலில் அவர் கண்டதென்ன தெரியுமா? கடவுள் யாவற்றையும் ஒருங்கே படைத்தார். பின்னால் தோன்ற வேண்டியவை வித்துக்களைப்போல அதிலேயே அடங்கியிருந்தன. ஆறு நாட்கள் என்பவை தேவதூதர்களின் அறிவிலே படைப்பு விளங்கிய முறை. கால அளவுகள் அல்ல.

சீடன்: இது எழுத்தின்படியா!

குரு: உண்மையில் நிகழ்ந்தது எதுவோ அதைச் சொல்வதே எழுத்தின் பொருள் என்று அவர் கொண்டார். உன் பயத்துக்கும் அங்கே விடை உண்டு. நாட்களை அப்படி விளக்கிய அதே அகுஸ்தீனார், ஏதேன் தோட்டத்துக்கு ஞானார்த்தம் இருந்தாலும் அது மண்ணில் இருந்த தோட்டமே, ஆதாமும் மெய்யான மனிதனே என்று எட்டாம் புத்தகத்தில் உறுதியாக நிற்கிறார். ஓரிடத்தில் உருவகம் கண்டவன் எல்லா இடத்திலும் காணக் கடமைப்பட்டவனல்ல. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே விசாரிக்கக் கடமைப்பட்டவன். வான சாஸ்திரம் அறிந்த அஞ்ஞானிகளின் முன்னே, வேதத்தின் பேரால் கிறிஸ்தவன் அறியாமல் உளறினால், அவன் அவமானப்படுவது பெரிதல்ல, அவர்கள் வேதத்தையே இகழ்ந்து விலகுவார்களே என்று முதல் புத்தகத்திலேயே எச்சரிக்கிறார். கலிலேயோ 1615இல் கிறிஸ்தினா சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில் அந்த எச்சரிக்கையைத்தான் எடுத்துக்காட்டினார்.

சீடன்: பன்னிரண்டு புத்தகங்களில் எல்லாம் தீர்ந்துவிட்டதா, சுவாமி?

குரு: இல்லை. முதுமையில் தம் நூல்களையெல்லாம் மறுபடி பரிசோதித்தபோது, இதில் கண்டுபிடித்தவற்றைவிடக் கேட்டவையே அதிகம், கண்டவற்றிலும் உறுதிப்பட்டவை கொஞ்சமே என்று அவரே எழுதிவைத்தார். நீ அந்த நூலைப் படிக்கப் போகிறாயானால், அந்தக் குறிப்பை வாசித்துவிட்டே முதல் புத்தகத்தைத் திற.